கொஞ்ச நேரம் தலையாட்டாமல்

ரெமிஜியஸ் தலையாட்டாத விஷயம் என்று பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் ஆட்டுவார். போன வருஷத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று பக்கத்தில் நிற்பவர் மறுத்தால் அதற்கும் ஆட்டுவார். ஆமாம் என்று மேலும் கீழுமாக ஆடுகிற தலையும் இல்லை அது, இல்லை என்று பக்கவாட்டில் ஆடுகிறதும் இல்லை. தோளைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வருகிற ஓர் ஆட்டம். எதிரில் இருப்பவர் எதை நினைத்துக் கேட்டாரோ அதுவே பதிலாகக் கிடைத்துவிடும்.

கமர்ஷியல் தெருவில் ஒரு புடவைக் கடையில் காலமெல்லாம் நின்ற உடம்பு. இந்த மாம்பழக் கலர் எனக்கு எடுக்குமா என்று தமிழில் கேட்டால் ‘ஆமாம்மா’, கன்னடத்தில் கேட்டால் ‘ஹௌதம்மா’, தக்கனி உருதுவில் கேட்டால் ‘ஹௌ மா’. வாய்க்குத்தான் மூன்று பாஷை. கழுத்துக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கழுத்தை நம்பித்தான் முதலாளி முகூர்த்த நாட்களில் அவரை வாசல் பக்கம் நிறுத்துவார். வேலையிலிருந்து நின்று வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்துக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அவருடைய மனைவி பிரிஜெட்டுக்கு அந்தப் பெயரில் பெரிய மரியாதை கிடையாது. நீலசந்திராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ரிட்டயரானவர். புரிகிறதா என்று கேட்டதும் முதலில் தலையாட்டுகிற பிள்ளைக்குத்தான் ஒன்றும் புரிந்திருக்காது என்பது அவருடைய அனுபவம்.

இப்படிப்பட்ட மனுஷருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதுவும் வலது கண்ணில். இடது கண் சின்ன வயசிலேயே போய்விட்டது. தெருவில் கில்லி விளையாடும்போது பட்டது. அன்றிலிருந்து ஒற்றைக் கண்ணாலேயே ஜரிகை பார்த்து, நூல் பார்த்து, சாயம் பார்த்துப் பிழைத்தவர். இப்போது அந்தக் கண்ணிலும் புகை மூடிய மாதிரி ஆனதும், முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பர் படிக்கிற மாதிரியே கையில் வைத்திருந்தார். ஒருநாள் மாடியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டியைப் பார்த்து, யாரோ பக்கத்து வீட்டு அம்மா என்று நினைத்து, ‘சாப்ட்டாச்சாம்மா’ என்று கேட்டார். பின்னால் வாளியோடு நின்ற பிரிஜெட் அன்றைக்கே அவரைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சௌம்யா சேலத்துப் பெண். நாற்பது வயது இருக்காது. கை சுத்தம், பேச்சில் தேன். அந்தத் தேனில் ஒரே ஓர் எறும்பு: எதைச் சொன்னாலும் கடைசியில் ‘ஓகேவா’ என்று கேட்டு முடிப்பார்.

"சார், முகவாயை இந்தத் தாங்கியில வைங்க. நெத்தியை முன்னாடி பட்டையில ஒட்டிக்குங்க. ஓகேவா?"

ரெமிஜியஸ் தலையாட்டினார். முகவாய் தாங்கியை விட்டு நழுவியது.

"பரவால்ல, மறுபடியும் வைங்க. நேரா என் காதைப் பாருங்க. ஓகேவா?"

மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை நெற்றி பட்டையில் இடித்துக்கொண்டது. விளக்கை ஒருபக்கம் தள்ளிவிட்டு டாக்டர் சிரித்தார். அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் ரொம்ப காலமாக வேலை பார்க்கிற சிஸ்டர் அனந்தலக்ஷ்மி பக்கத்தில் நின்றிருந்தார். அவரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"மேடம், நீங்க ஓகேவான்னு கேட்டா இவருக்குத் தலை தானா ஆடும்" என்றார் பிரிஜெட். "கேக்காம இருந்தீங்கன்னா ஆடாது."

"நான் எங்கம்மா கேட்டேன்?"

"ஹௌது மேடம்" என்றார் அனந்தலக்ஷ்மி. "ஒவ்வொரு வார்த்தைக்கும் கேக்கறீங்க. நாங்க பழகிட்டோம்."

டாக்டருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. ஆனால் பரிசோதனை எல்லாம் முடித்து நாற்காலியை ரெமிஜியஸ் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், இருக்கறது ஒரு கண்ணு. அதனால ரொம்ப ஜாக்கிரதையாப் போகணும். பொதுவா ஆடற ஆளுங்களுக்குக் கண்ணுக்குப் பின்னாடி ஊசி போட்டு கண்ணை அசையாமப் பண்ணிடுவோம். உங்களுக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க. ஊசி போட்ட எடத்துல ரத்தம் கசிஞ்சா கஷ்டம். மயக்கம் குடுக்கவும் ஹார்ட் டாக்டர் தயங்கறாரு. சொட்டு மருந்து போட்டு மரத்துப்போக வைக்கறதுதான் உங்களுக்கு நல்லது. ஆனா சொட்டு மருந்துல கண்ணு மரத்துப்போகுமே தவிர நிக்காது. நீங்கதான் நிறுத்தணும். விளக்கைப் பார்த்துட்டு அப்படியே இருக்கணும். புரைக்குப் பின்னாடி ஒரு பை இருக்கு, வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அதுக்குள்ளதான் புது லென்ஸை வைக்கப் போறேன். அது கிழியக் கூடாது. ஓகே..."

மீதியை விழுங்கிவிட்டார். ரெமிஜியஸின் தலை பாதி கிளம்பி நின்றது.

அப்போதுதான் பிரிஜெட் பல் விவகாரத்தைச் சொன்னார். போன வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது, ஊசி போட்ட பல் டாக்டர், மரத்துப்போச்சா என்று கேட்டிருக்கிறார். மரத்துப்போகவில்லை. ஆனால் கேட்டுவிட்டாரே, இவர் தலையாட்டிவிட்டார். பல்லை உயிரோடு பிடுங்கியிருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வழிய, ‘பரவால்ல டாக்டர், பரவால்ல டாக்டர்’ என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கஞ்சி குடித்தாராம்.

சௌம்யா இதற்குச் சிரிப்பார் என்று ரெமிஜியஸ் எதிர்பார்த்தார். கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"தலையாட்டறவங்களைக்கூட நான் சமாளிச்சிடுவேன் சார். பொறுத்துக்கறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்" என்றார். "வலியைப் பல்லைக் கடிச்சுட்டு அடக்குவாங்க. இருமலை அடக்குவாங்க. டாக்டரைத் தொந்தரவு பண்ணக்கூடாதாம். கடைசியில அடக்க முடியாம ஒரே தூக்கா தூக்கிப்போடும். அப்ப என் கருவி உள்ள இருக்கும். அதனால உங்களுக்கு ரெண்டு வேலை. தலையை ஆட்டக்கூடாது. எதையும் பொறுத்துக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் முன்னாடியே வாயைத் தொறந்து சொன்னீங்கன்னா நான் கையை வெளிய எடுத்துடுவேன். சொல்லிடுவீங்களா?"

ரெமிஜியஸ் தலையாட்டினார். பிரிஜெட் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ரெமிஜியஸைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, பழைய தலையணை உறையில் ஓட்டை போட்டு முகத்தில் போர்த்தி, ஜன்னல் கம்பியில் டார்ச்சைக் கட்டித் தொங்கவிட்டார் பிரிஜெட். நெற்றியின் மேல் அரை டம்ளர் தண்ணீர். டார்ச்சையே பார்க்க வேண்டும், டம்ளர் அசையக் கூடாது. எதைக் கேட்டாலும் வாயால்தான் பதில்.

"மீன் கொழம்பு நல்லா இருந்துச்சா?"

டம்ளர் கவிழ்ந்து காதுக்குள் தண்ணீர் போனது. இரண்டாம் நாள் சட்டைக் காலர் நனைந்தது. மூன்றாம் நாள், தேவலை, டம்ளர் தளும்பியதோடு நின்றது. அந்த நேரம் பார்த்து ஓஸ்வால்ட் வந்தார். அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். மாதா திருவிழா நெருங்கிவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

முகத்தில் ஓட்டைத் துணியும் நெற்றியில் டம்ளருமாகக் கிடந்த மனுஷரைப் பார்த்து அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. வந்த காரியம் அப்படி.

"ரெமி, கொடிமரத்துக்கும் தேருக்கும் துணி ஜோடனை வழக்கம்போல நீதானே?"

டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"ஆப்பரேஷன் பண்ணின கண்ணோட ஏணி மேல ஏறுவீங்களா?" என்றார் பிரிஜெட். "வாயால சொல்லுங்க. முடியாதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

ரெமிஜியஸ் ஓட்டை வழியாகக் கூரையைப் பார்த்தார். ஓஸ்வால்ட் என்ன நினைப்பார்? அடுத்த ஆள் கிடைக்காமல் எங்கே அலைவார்? அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்பது ஓஸ்வால்டுக்கும் தெரியும். கடைசியில் பிரிஜெட்டே முடியாது என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

ஆட்டத்தை நிறுத்தவாவது முடிந்தது. ஒரு வாரத்தில், ஓகேவா ஓகேவா என்று பிரிஜெட் காதுக்குள் கத்தினாலும் டம்ளர் ஆடாத நிலைமை வந்துவிட்டது. இரண்டாவது பாடம்தான் ஏறவில்லை. அதற்கு பிரிஜெட் கண்டுபிடித்த வழி கால் பெருவிரலைக் கிள்ளுவது.

"வலிக்குதா?"

"பரவால்ல."

இன்னும் அழுத்திக் கிள்ளினார். "இப்ப?"

"லேசா."

நகம் பதியக் கிள்ளினார். டார்ச்சையே பார்த்துக்கொண்டு, முகம் கோணாமல், "ஒண்ணும் இல்ல, நீ கிள்ளு" என்றார் ரெமிஜியஸ். விரலை விட்டுவிட்டு பிரிஜெட் எழுந்து நின்றார். "வலிக்குதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்னாங்க கேடு? அந்தக் கண்ணும் போயிடுச்சுன்னா என் மூஞ்சிய யாரு பாப்பாங்க?" என்று கேட்டபோது குரல் பாதியில் உடைந்தது. துணிக்கு அடியில் இருந்தவருக்கு முகம் தெரியவில்லை. பிரிஜெட் அழுது அவர் கேட்டதே இல்லை என்பதால் அது அழுகை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆபரேஷன் நாள் காலையில் பிரிஜெட் கோயிலில் கண்ணுக்குப் பாதுகாவலியான லூசியம்மாள் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். ஆட்டோவில் போகும்போது ரெமிஜியஸுக்குப் பயமாக இருந்தது. பயம் என்றால் நல்ல பயம். சாவைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை. அது எல்லோருக்கும் வருவது. காலையில் எழுந்து கண்ணைத் திறந்தும் இருட்டாகவே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். பயமாயிருக்கிறதா என்று பிரிஜெட் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, அதையும் பொய்யாகச் சொல்லிவிட்டோமே என்று வெளியே பார்த்தார்.

தியேட்டர் ஜில்லென்று இருந்தது. படுக்க வைத்தார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்தார் அனந்தலக்ஷ்மி. "தலெ அல்லாடிஸ்பேடி சார். தலை ஆடவே கூடாது, தெரிஞ்சுதா" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். பச்சைத் துணி முகத்தை மூடியது. கண் இருக்கும் இடத்தில் மட்டும் திறப்பு. இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பியை மாட்டினார்கள். சொட்டு மேல் சொட்டாக மருந்து விழுந்து கண் யாருடையதோ போல ஆயிற்று. மேலே ஒரு வெளிச்சம் வந்து நின்றது. டார்ச் எல்லாம் அதன் கால் தூசிக்கு வராது.

"சார், இந்த வெளிச்சத்தையே பாருங்க. நான் ஆரம்பிக்கறேன். ஓ..."

அனந்தலக்ஷ்மி தொண்டையைக் கனைத்தார்.

"...ம்" என்று முடித்தார் டாக்டர்.

வெளிச்சம் இரண்டாகப் பிரிந்தது. சேர்ந்தது. தண்ணீர் ஓடியது, அதன் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதுபோல இருந்தது. மெஷின் ஒரு மாதிரி ராகம் இழுத்தது. நீலமும் ரோஸும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. இந்த ரோஸுக்கு இந்த நீலம் பார்டர் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ரெமிஜியஸின் மனசு அந்த நேரத்திலும் கடையை விரித்தது. கழுத்து அசையவில்லை. டாக்டர் இரண்டு தடவை ‘ஓ’ என்று ஆரம்பித்து ‘ம்’ என்று முடித்தார். கழுத்து அதற்கும் அசையவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் தொண்டையில் கசப்பு இறங்கியது. கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாக உள்ளே வந்திருக்க வேண்டும். விழுங்கினார். போகவில்லை. மறுபடியும் விழுங்கினார். கசப்பு போய் ஓர் அரிப்பு நின்றது. நுனி நாக்கால் அண்ணத்தைத் தேய்த்துப் பார்த்தார். மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தார். அரிப்பு தொண்டைக்குள் உட்கார இடம் பார்த்துக்கொண்டு நன்றாகச் சம்மணம் போட்டது.

சொல்ல வேண்டும். தெரியும். ஆனால் டாக்டர் மும்முரமாக இருக்கிறார். இன்னும் கொஞ்சம்தான் இருக்கும். கடையில் முதலாளி பேசும்போதும், வாடிக்கைக்காரர் பேசும்போதும், கோயிலில் சாமியார் பேசும்போதும் அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கத்தியைக் கையில் வைத்திருக்கிறவரையா நிறுத்தச் சொல்வது? கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போயிற்று.

"சூப்பரா இருக்கீங்க சார்" என்றார் டாக்டர், நேரம் பார்த்து. "இந்த மாதிரி அசையாம யாருமே படுத்ததில்ல. அப்படியே இருங்க, இப்ப முக்கியமான எடம்."

போச்சு. இவ்வளவு பாராட்டிய பிறகு எப்படிச் சொல்வது? அரிப்பு நெஞ்சுக்கு இறங்கி அங்கே முட்டியது. வயிற்றுத் தசை இறுகியது. வெளிச்சத்தையே பார்த்தார். வெளிச்சத்துக்கு ஓரங்களில் கருப்பு வந்துபோயிற்று. என் மூஞ்சிய யாரு பாப்பாங்க என்று பிரிஜெட் கேட்டது, அந்தக் குரல் உடைந்த இடத்தோடு அப்படியே காதில் விழுந்தது. பல் போனால் கஞ்சி குடிக்கலாம். இது போனால் அவளைப் பார்க்க வேறு வழியே கிடையாது.

"டாக்டர்" என்றார். குரலே வரவில்லை. துணிக்குள்ளேயே அமுங்கிவிட்டது.

"டாக்டர், நிறுத்துங்க. இருமல் வருது."

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மெஷின் ராகம் அறுந்தது.

"ஒரு செகண்ட், அப்படியே இருங்க... எடுத்துட்டேன். ரெண்டு கையும் வெளிய இருக்கு. இப்ப இருமுங்க சார். தாராளமா இருமுங்க."

இருமினார். உடம்பே கட்டிலில் துள்ளுகிற அளவுக்கு, நாலு வீடு கேட்கிற இருமல். அது உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இருமும்போதுதான் அவருக்குப் புரிந்தது. அனந்தலக்ஷ்மி துணியைக் கீழே கொஞ்சம் தூக்கிக் காற்று விட்டார். அரிப்பு போய் மூச்சு சீராக வந்தது.

"இப்ப எப்படி இருக்கு? வாயால சொல்லுங்க."

"நல்லா இருக்கு டாக்டர்." கொஞ்சம் யோசித்தார். "கண்ணுலயும் வலி இருக்கு."

"எவ்வளவு? லேசாவா, நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

இன்னும் சொட்டு மருந்து விழுந்தது. வலி அடங்கியது. மடை ஒருமுறை திறந்துவிட்டால் தண்ணீர் சும்மா இருக்குமா? "முதுகுக்கடியில துணி சுருண்டு இருக்கு" என்றார். அனந்தலக்ஷ்மி கை விட்டு இழுத்து நீவினார். "காலு ஜில்லுனு இருக்கு." போர்வை வந்தது. "அந்த ஏசி..." என்று அவர் ஆரம்பித்ததும், "சாகு சார், சாகு. போதும்" என்று கன்னடமும் தமிழுமாகத் தடுத்தார் அனந்தலக்ஷ்மி. டாக்டர் சிரித்தது காதில் விழுந்தது. அதன் பிறகு ரெமிஜியஸ் வெளிச்சத்தைப் பார்த்தபடி ஆணி அடித்த மாதிரி கிடந்தார். பொறுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லாதபோது அசையாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. சுருட்டி உள்ளே போன லென்ஸ் மெல்ல விரிந்ததும், சிதறிக் கிடந்த வெளிச்சம் எல்லாம் ஒன்றுகூடி மூன்று சின்ன விளக்குகளாக நின்றது. மூன்றுக்கும் ஓரம் கூர்மையாகத் தெரிந்தது.

வெளியே பிரிஜெட் ஜெபமாலையைக் கையில் சுற்றியபடி, கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். டாக்டரே நேராக வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுதும்மா. பை முழுசா இருக்கு, லென்ஸ் கரெக்டா உட்கார்ந்துடுச்சு. நடுவுல இருமல் வருதுன்னு சொன்னாரு. அப்ப என் கருவி அந்தப் பையை ஒட்டி இருந்துச்சு. சொல்லாம இருமியிருந்தாருன்னா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்."

"அவரே சொன்னாரா?"

"நிறுத்துங்கன்னு சொன்னாரு. நல்லா சத்தமா."

பிரிஜெட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார். அழுகை முடிந்ததும் ஒரு காபி குடித்தார். கேன்டீன் காபி மட்டமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றுக்கு அமிர்தமாக இறங்கியது.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது சுவரில் இருந்த எழுத்துக்களை ரெமிஜியஸ் கீழ் வரி வரைக்கும் வாசித்தார். பிரிஜெட்டைப் பார்த்து, "மயில் கழுத்து கலர்" என்றார். நீலப் புடவை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் கை கூப்பினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு வாசித்தார். ரிச்மண்ட் டவுன் தாண்டுகிற வரைக்கும் பிரிஜெட் கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கு மேல் வாயை மூடச் சொன்னார்.

வீட்டில் வேளைக்கு வேளை சொட்டு மருந்து. சாயங்காலம் நாற்காலியில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, பாட்டிலைக் குலுக்கி மூடியைத் திறந்த பிரிஜெட், மருந்தை விடாமல் நின்றார்.

"இன்னா?" என்றார் ரெமிஜியஸ்.

"ஒண்ணு கேக்கணும். தலையாட்டாமச் சொல்லுங்க."

"கேளு."

"ஜீவனஹள்ளிக்கு எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்க. காபி குடிச்சீங்க. உங்க சித்தப்பா எல்லாருக்கும் முன்னாடி, பொண்ணு புடிச்சிருக்காடான்னு கேட்டாரு. நீங்க தலையாட்டினீங்க."

"ஆமா."

"நீங்க எல்லாத்துக்கும்தான் ஆட்டறீங்க. நைட்டிக்குக்கூட ஆட்டுவீங்க." பாட்டிலையே பார்த்துக்கொண்டு பேசினார். "புடிச்சிருந்துச்சா? இல்ல, அவரு கேட்டாரேன்னு ஆட்டினீங்களா?"

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு கேட்கிற கேள்வியா இது என்று யாருக்கும் தோன்றும். ரெமிஜியஸுக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக இவள் இதை உள்ளே வைத்துப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதுதான் தோன்றியது.

"அதுக்கு ஒரு வாரம் முன்னாடி சித்தப்பா என்னை வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்றார். "பெரிய எடம். அங்கயும் காபி குடுத்தாங்க. அங்கயும் இப்படித்தான் எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு."

"அங்க இன்னா பண்ணீங்க?"

"செருப்பை மாட்டிட்டு நடந்து வந்துட்டேன். ஒண்ணும் சொல்லல. சித்தப்பா பின்னாடியே கத்திட்டு வந்தாரு. நான் திரும்பிக்கூட பாக்கல."

"நீங்களா?"

"நானேதான். உங்க வீட்டுல நான் உக்காந்துட்டு இருந்தேன் பிரிஜெட். ரெண்டாவது காபியும் வாங்கிக் குடிச்சேன். உன்னைப் புடிச்சிருந்துச்சு."

பிரிஜெட் பாட்டில் மூடியைத் திருகி மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு, "இதை ஏன் இத்தன வருஷமா சொல்லல?" என்றார்.

"நீ கேக்கலயே."

"கேக்கப் பயமா இருந்துச்சு" என்றார் பிரிஜெட். இடது கையால் அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்கச் சொன்னார். மருந்து கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது.

"கண்ணுல விழல" என்றார் ரெமிஜியஸ்.

முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பிரிஜெட் இன்னொரு சொட்டு விட்டார்.